பிரிஹிரா எடுத்த போர்வை

எங்கள் ஊரில் போய்ப் பிரிஹிராவைப் பற்றிக் கேட்டால், "அக்கா பொணத்து மேல கெடந்த போர்வைய உருவினாளே, அவளா?" என்பார்கள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இல்லை என்று சொல்லவும் முடியாது. எடுத்தது உண்மைதான். பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவனே நான்.

என் பெயர் மாத்தியு. நகரத்து மியூசியத்தில் தச்சன். அங்கேயுள்ள பொருள்களை வெளியே அனுப்பும்போது வைக்கிற பெட்டிகளைச் செய்வது என் வேலை. என் அம்மாவும் பிரிஹிராவும் ஒரே ஊர். கிழக்குக் கரையில், ஆறு கடலில் விழுகிற இடம். அந்த வகையில் அவள் எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறோம். அவள் அறைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும்.

ஒன்பது பிள்ளைகளில் அவள் கடைசி. அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால், பதினாலு வயது மூத்த அக்கா கராரைனாதான் இவளைத் தூக்கி வளர்த்தாள். பிரிஹிரா பதினேழு வயதில் நகரத்துக்கு வந்து, ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போட்டாள். துறைமுகத்தில் சுமை தூக்குகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சீக்கிரமே போய்விட்டார். குழந்தை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றில் மியூசியத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் போர்வை இருந்தது, எங்கள் குடும்பத்து முன்னோர் நாரால் நெய்து தோளில் போர்த்தியது. கண்ணாடிப் பெட்டிக்குள், "டாக்டர் ஹார்லன் குடும்பத்தின் நன்கொடை" என்ற சீட்டோடு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரைக் கொளுத்திய வெள்ளைக்காரப் படையோடு வந்த மருத்துவர் அந்த ஹார்லன். எரிகிற வீட்டிலிருந்து எடுத்துப் போனதை அவர் பேத்தி மியூசியத்துக்குத் தந்தால் அதற்குப் பெயர் நன்கொடை. இதிலாவது ஒரு கணக்கு இருக்கிறது. போர்வையைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்களே, அதற்கு என்ன சொல்வது? கழுத்துப் பக்கம் கீழே, கரை மேலே. பிரிஹிரா மூன்று வாரம் தினமும் அதன் முன்னால் துடைத்துக்கொண்டே "மன்னிச்சுக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு பொறுக்காமல் பொறுப்பாளரிடம் போனாள். அவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அப்படி எதுவும் எழுதவில்லையே என்றாராம்.

"அப்போ உங்க கழுத்து எந்தப் பக்கம் இருக்குன்னும் அதுலயே பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அதைத் திருப்பி மாட்ட எட்டு மாதம் ஆனது. ஆனால் துணிப் பிரிவில் இருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்திக்கு இந்தக் கதை பிடித்துப்போய், தரை துடைக்கிற நேரம் போக இவளை உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். பிரிஹிராவுக்கு நல்ல கை. பழந்துணியின் தூசியை வலை போட்டு உறிஞ்சி எடுப்பது, ஈரக்காற்று காட்டி மடிப்பை எடுப்பது, இற்றுப்போன இடத்தில் வெங்காயத் தோலைவிட மெல்லிய காகிதத்தை ஒட்டுவது எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தம்மா ஓய்வு பெற்றபோது அந்த மேசை இவளுக்கு வந்தது.

எங்கள் போர்வைகளில் கறுப்பு நூலுக்கு மட்டும் ஒரு கேடு உண்டு. மரப்பட்டைச் சாற்றில் நாரை ஊறவைத்து, சதுப்புச் சேற்றில் புதைத்து எடுத்தால் கறுக்கும். அந்தச் சேற்றில் இருக்கும் இரும்பே நாரை உள்ளே தின்றுகொண்டும் இருக்கும். நூறு வருஷம் கழித்துத் தொட்டால் உதிரும். அந்தக் கறுப்புக்காகவே பிரிஹிரா பதினாலு மாதம் உட்கார்ந்தாள். கடற்பாசிக் கூழை ஆவியாகத் தெளித்து, ஒவ்வொரு இழையாகக் கெட்டிப்படுத்தினாள். முழுக்கக் குணமாகாது, தள்ளிப்போடலாம் என்று அவளே சொல்வாள்.

பிறகு காலம் மாறியது. மியூசியத்தில் "கூட்டுறவு" என்ற சொல் வந்து இறங்கியது. பூர்வகுடிகளோடு கலந்து பேசாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டோம் என்றார்கள். பட்டறைக்காரனான என்னை விட்டால், கலந்து பேச அவர்களுக்குக் கிடைத்த பூர்வகுடி பிரிஹிரா ஒருத்திதான். புதுப்பெட்டி திறப்பா, பிரிஹிராவைக் கூப்பிடு, பிரார்த்தனை சொல்லட்டும். அமைச்சர் வருகிறாரா, பிரிஹிராவைக் கூப்பிடு, வரவேற்புக் குரல் கொடுக்கட்டும். ஆண்டறிக்கை அட்டையில் மூன்று வருஷம் அவள் முகம்தான். "இன்னும் ஒரு வருஷம் போட்டாங்கன்னா என்னையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சுடுவாங்க தம்பி" என்று சிரிப்பாள்.

சிரித்தாலும் அவள் அந்தச் சொல்லை விடவில்லை. வாய்ச்சொல்லை எழுத்தாக்கு என்று பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுத வைத்தாள். அதன்படி, முன்னோரின் பொருளைக் குடும்பத்தார் துக்கத்துக்கு ஊருக்கு எடுத்துப் போகலாம். ஐந்தாம் நாள் திரும்ப வேண்டும். முதலில் போகிற பொருள் பழுதில்லாமல் திரும்பி வந்தால் மற்றவையும் போகும். இரண்டாம் வருஷத்திலிருந்து, நிரந்தரமாகவே ஊர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சு தொடங்கும். எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பெயர் கொடுத்திருந்தன. முதல் பெயர் கராரைனாவுடையது. அவளுக்கு ஈரலில் புற்று. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு குளிர்காலத்தைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர்கள் நாள் குறித்திருந்தார்கள்.

மியூசியத்து இயக்குநர் கிரேம் நல்ல மனிதர்தான். அதுவும் ஒரு தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். எங்கள் மராய்க்கு, அதாவது ஊர்க்கூடமும் அதன் முன்னால் இருக்கிற புல்வெளியும் சேர்ந்த இடத்துக்கு, விருந்தாளிக் கூட்டம் வந்தால் அதில் ஓர் ஆண் எழுந்து எங்கள் மொழியில் பேச வேண்டும். கிரேம் நானே பேசுகிறேன் என்றார். மூன்று மாதம் ஊழியர் சமையலறையில் பிரிஹிரா அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"இப்போ எங்க மலையோட பேரச் சொன்னீங்களா, இருமினீங்களா?" என்பாள். அவர் முகம் சிவந்துபோய் மறுபடி சொல்வார்.

ஜூலையில், எங்கள் நாட்டில் அதுதான் நடுக்குளிர், கராரைனா போய்விட்டாள். தகவல் வந்ததும் பிரிஹிரா அழுதுமுடித்து, முகம் கழுவி, என்னிடம் வந்து பெட்டி தயாரா என்றாள். நான் ஒரு யோசனை சொன்னேன்.

"அக்கா, பின்பக்கமா வேனை விட்டு, சமையக்கட்டு வழியா கொண்டுபோய்க் குடும்பத்துக் கையில குடுத்துருவோம். மூணாம் நாள் அதே வழியா வாங்கிட்டு வந்துருவோம். யாருக்கும் ஒரு பேச்சு இருக்காது."

"நூத்தம்பது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வருதுடா. உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி சமையக்கட்டு வழியா வருமா? எடுத்துட்டுப் போனவங்க வாசல் வழியா, அழுதுகிட்டு, கைல ஏந்திகிட்டு வரணும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சரி என்றேன். அப்போது மறுத்துப் பேசியிருக்க வேண்டியவன் நான்.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பி, மதியம் மராய் வாசலில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கிரேம், மியூசியத்து ஆட்கள் எட்டுப் பேர், நான். முன்னால் பிரிஹிரா, கறுப்பு உடையில், இலை மாலை தலையில், கையுறை இல்லாத இரண்டு கைகளிலும் போர்வையை ஏந்திக்கொண்டு. உள்ளே இருந்து வரவேற்புக் குரல் வந்தது. சொந்த ஊர்ப் பெண்கள் அவளை விருந்தாளி என்று அழைத்தார்கள். அவளும் விருந்தாளியாகவே பதில் குரல் கொடுத்துக்கொண்டு நடந்தாள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், அந்நியர்களுக்கு முன்னால் நடந்து வந்தாள். போர்வையைப் பார்த்ததும் கிழவிகளிடமிருந்து ஒரு ஓலம் எழும்பியது. அந்த மாதிரி ஓலத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பிரிஹிரா போர்வையைத் திறந்திருந்த சவப்பெட்டியின் மேல் விரித்தாள். அப்படியே அக்காவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துவிட்டாள். கிரேம் எழுந்து பேசினார். மலையைச் சொன்னார், ஆற்றைச் சொன்னார், இறந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு அழுதார், உண்மையாகவே அழுதார். மியூசியம் செய்த குற்றத்தையும் மழுப்பாமல் சொன்னார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். பாட்டு பாடினோம். மூக்கோடு மூக்கு வைத்து எல்லோருக்கும் துக்கம் சொன்னோம். சாப்பாட்டுக் கூடத்தில் பன்றி எலும்பும் கீரையும் வேகவைத்துப் போட்டார்கள்.

"பொட்டி அடிக்கிறவன் வந்துட்டான் பாரு. ஒரு ஆளு சைசுக்கும் ஒண்ணு அடிச்சுட்டு வந்திருந்தா எங்களுக்கு அலைச்சல் மிச்சமாயிருக்கும்ல?" என்று சமையற்கட்டிலிருந்து கேலி செய்தார்கள். எல்லாம் நன்றாகவே போனது என்று நினைத்தேன்.

ஒரு வாக்கியம் விட்டுப்போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிகள் கொண்டுவந்து பிணத்தின் மேல் வைத்தது பிணத்துக்குத்தான். திரும்ப எடுத்துப் போக வேண்டியதென்றால், வைக்கும்போதே அவர்கள் பக்கத்துப் பேச்சாளர் "இது அழ வந்தது, எங்களோடு திரும்பி வரும்" என்று சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் சொல்லாமலேயே எடுத்துப் போகிறார்கள் என்று கேள்வி. எங்களிடம் அப்படியில்லை. மலை, ஆறு, முன்னோர் பெயர் என்று மூன்று மாதம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. எங்களுக்குள் இருக்கிறவர்களுக்கு இது யாரும் சொல்லித் தருகிற விஷயமே இல்லை. மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பாயா என்ற மாதிரி.

கிரேம் உட்கார்ந்த பிறகாவது யாராவது எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் பெண்கள் எழுந்து பேசுவதில்லை. விருந்தாளி பெஞ்சில் வழக்கம் தெரிந்த ஆண் ஒருவன்தான் இருந்தான். அது நான். எனக்கு அப்போது வேனில் இருந்த பெட்டி நனையுமோ என்ற கவலை. ஊரில் எவனும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை. எல்லாப் பழியும் அவள் தலையில்தான் விழுந்தது, நான் கூடவே நின்று அதைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் மதியம், பெரியவர் பாவோரா சாப்பாட்டுக் கூடத்தில் பிரிஹிராவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவளுக்குத் தாய்மாமன் முறை. ஊர்ப் பெஞ்சில் கடைசி வார்த்தை அவருடையது.

"உங்காளு நல்லாத்தான் பேசினான்" என்றார். "ஆனா முழுசாப் பேசல."

உடனே புரிந்துவிட்டது அவளுக்கு.

"அவருக்குத் தெரியாது மாமா."

"அவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?"

"நான் மறந்துட்டேன்."

"மறந்தியோ, ஒன் மனசு மறக்க வெச்சுச்சோ, நான் கேக்கல. வாசல் வழியா வந்துச்சு, எல்லாரும் பாத்தாங்க, வெச்சாச்சு. இனி அது அவளோடது. அவளோடதுன்னா திரியாவோடது. அவ குடுத்தா எடுத்துட்டுப் போ. அவ குடுக்கலன்னா நாளைக்கு மண்ணுக்குள்ள போகும். என்னால மாத்த முடியாது புள்ள. ஒனக்காக மாத்தினா, அடுத்த சாவுக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?"

திரியா கராரைனாவின் கடைசிப் பெண். முப்பத்தொரு வயது. அம்மாவின் சவப்பெட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். பிரிஹிரா அவள் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். நான் வாசல்படிக்கு அருகில் இருந்தேன். மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

"திரியா, பன்னெண்டு வீட்டுக்காரங்க பேர் குடுத்திருக்காங்க. நம்மதுதான் மொதல்ல. இது நல்லபடியாத் திரும்பிப் போனாத்தான் மத்தவங்களுக்குக் கெடைக்கும். ரெண்டு வருஷத்துல இதுவே நெரந்தரமா ஊருக்கு வந்துரும். எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

"நான் எழுதினது."

"அப்போ ஒன் எழுத்துக்காக எங்கம்மா குளிர்ல போகணுமா?"

பிரிஹிரா பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். திரியாவே தொடர்ந்தாள்.

"சித்தி, எனக்கு அப்போ எட்டு வயசு. அம்மா என்னைக் கூட்டிகிட்டு ஏழு மணி நேரம் பஸ்ல வந்தா, இதப் பாக்க. பதினஞ்சு நிமிஷம்னாங்க. கையுறை போடுன்னாங்க. அம்மா கையுறையக் கழட்டிட்டு ஒரு வெரல் வெச்சா. ஒரே ஒரு வெரல். காவக்காரன் தோளப் புடிச்சு வெளிய தள்ளினான். நீ தண்ணி வாளியும் கையுமா அங்கதான நின்னே. வாயத் தொறந்தியா?"

"இல்ல."

"அன்னிக்குத் தொறக்காத வாய இன்னிக்கும் மூடிக்கோ."

"அந்தப் பதினோரு வீட்டுலயும் அம்மாக்கள் இருக்காங்கடி."

"அவங்க அம்மால்லாம் இன்னும் சாகல சித்தி. எங்கம்மா செத்துட்டா."

சாயங்காலம் கிரேம் தன் கார் அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது உங்க மக்களோட விஷயம் பிரிஹிரா. நீங்க என்ன முடிவெடுத்தாலும் நாங்க மதிப்போம்" என்றார்.

"போர்வை திரும்பலன்னா?"

"ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதுதான் நடக்கும். அது என் கையில இல்ல. ஆனா முடிவு உங்களோடது."

அந்த ஆளை அன்றைக்கு நான் அடித்திருப்பேன். முன்பெல்லாம் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் செய்தார்கள். இப்போது எல்லாவற்றையும் எங்களிடமே கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். அவர் தங்கும் விடுதிக்குப் போனார். பிரிஹிரா மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை மூடி போடுகிற நேரம். சொந்தங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கராரைனாவை முத்தமிட்டார்கள். பாதிரியார் புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரிஹிரா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பெட்டியைக் கூடத்தின் ஓரத்தில் வைத்துத் திறந்தேன். ஏன் திறந்தாய் என்று பின்னால் என் மாமன் மகன் கேட்டான். அவள் சொன்னாள், திறந்தேன்.

அவள் எழுந்து போய்ச் சவப்பெட்டியின் அருகில் நின்றாள்.

"அக்கா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "இத ஒங்கிட்டேருந்து நான் எடுக்கறேன். மியூசியம் எடுக்கல. மாத்தியு எடுக்கல. நான்தான் எடுக்கறேன். என்னை நீ அங்க வெச்சுக் கேளு."

அழுகை நின்றுவிட்டது. சாவுக்கூடத்தில் அழுகை நிற்கக் கூடாது. பாவோரா தலையைக் குனிந்துகொண்டார். பிரிஹிரா போர்வையின் இரண்டு மூலைகளையும் உள்ளங்கையில் ஏந்தி, பச்சைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் தூக்கினாள். பாதி தூக்கியபோது திரியாவின் கை வந்து இடது ஓரத்தைப் பிடித்தது. அவள் இழுக்கக்கூட இல்லை. சும்மா பிடித்தாள். விட மனசில்லாமல் பிடித்தாள், அவ்வளவுதான்.

சத்தமே இல்லை. கறுப்பு நூல் அவள் பிடியிலேயே பொடியாகிவிட்டது. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நார் அப்படியே அற்றுப்போய், மிச்சப் போர்வை பிரிஹிராவின் கைகளுக்கு வந்துவிட்டது.

திரியா விரல்களை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை நிறைய அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. சித்தியைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை அந்தப் பார்வை. பிறகு குனிந்து, அம்மாவின் கழுத்தடியில் அந்தக் கறுப்பைக் கொட்டி, கையை அம்மாவின் உடையிலேயே துடைத்தாள். மூடியைப் போட்டார்கள்.

பிரிஹிரா கல்லறைக்கு வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வேனில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குன்றின் மேல் பாட்டுச் சத்தம் கேட்டது. அது ஓயும் வரை கிளம்ப வேண்டாம் என்றாள்.

நான்காம் நாளே மியூசியத்தில் இருந்தோம், ஒப்பந்தத்துக்கு ஒரு நாள் முன்னால். திரும்பி வந்த பொருளை அளந்து நிலை அறிக்கை எழுத வேண்டும். அதை எழுத வேண்டியவளும் அவளே. நான் விளக்கைப் பிடித்தேன்.

"அக்கா, ஏற்கெனவே இத்துப்போயிருந்த எடம்தான அது? பழைய சேதம்னு எழுதிரு. எவன் வந்து அளக்கப்போறான்?"

"பழைய சேதம் எவ்வளவுன்னு போன மாசம் நானே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்தப் பதிவேட்டுல அவங்க எழுதின பொய்யத் திருத்தித் திருத்தியே எனக்குக் கண்ணு போச்சு. நானும் ஒண்ணு எழுதணுமா?"

இழந்த இடத்தை அளந்தாள். இத்தனை சென்டிமீட்டர், இத்தனை இழை என்று ஒன்று விடாமல் எழுதினாள். அடுத்தது "காரணம்" என்ற கட்டம். பூச்சி, ஒளி, ஈரம், கையாளுதல். கையாளுதலில் குறி போட்டு, "கையாண்டவர்" என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"அது திரியாவோட கை" என்றேன்.

"வெளக்க ஒழுங்காப் புடி."

"உதிர்ந்த துணுக்குகள்" என்று கடைசிக் கட்டம். ஒரு துரும்பு உதிர்ந்தாலும் பொறுக்கிப் பையில் போட்டு எண் போட வேண்டும் என்பது விதி. அங்கே "சேகரிக்க இயலவில்லை" என்று எழுதினாள். பொய் எழுத மாட்டேன் என்றவள் ஒரே தாளில் இரண்டு பொய் எழுதினாள். ஒன்று அக்கா மகளுக்காக, ஒன்று அக்காவுக்காக. தனக்காக ஒன்றுகூட எழுதிக்கொள்ளவில்லை.

மியூசியத்துக் குழு கூடியது. "பயிற்சி பெற்ற ஊழியரின் கையிலேயே இந்த அளவு சேதம் ஏற்பட்டிருப்பதால், மறுபரிசீலனை முடியும்வரை வெளியே அனுப்புவது நிறுத்தி வைக்கப்படுகிறது." இதுதான் முடிவு. திரியாவின் பெயரை எழுதியிருந்தால், ஊராருக்குக் கையாளத் தெரியவில்லை என்று நிறுத்தியிருப்பார்கள். போர்வை மண்ணுக்குள் போயிருந்தால் ஒப்பந்தம் மீறப்பட்டது என்று நிறுத்தியிருப்பார்கள். இதை நான் அவளிடம் சொன்னேன், ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு. அவள் என்னைப் பார்த்த பார்வையில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மறுபரிசீலனை இன்னும் முடியவில்லை. பதினோரு குடும்பங்களுக்கும் கடிதம் போனது. கடிதத்தின் அடியில் கிரேமின் கையெழுத்தோடு பிரிஹிராவின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள், கூட்டுறவு என்பதால். போட்டாள்.

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வருஷம் கழித்துக் கராரைனாவின் கல்லறைக் கல் திறப்புச் சடங்குக்கு நானும் அவளும் போனோம். வாசலில் நின்றோம், குரல் கொடுத்து அழைத்தார்கள், உள்ளே போனோம். அவளுக்கு நாற்காலி போட்டார்கள், விருந்தாளிகள் வரிசையில். சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு முதல் பந்தியில் மரியாதையாகப் பரிமாறினார்கள். சொந்தக்காரி என்றால் ஏப்ரனைக் கொடுத்துப் பாத்திரம் கழுவ விட்டிருப்பார்கள். அவள் விலாங்கு மீனை ஒரு வாய் வைத்தாள், பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரியா எதிரே வந்தபோது எழுந்து நின்றாள். திரியா "வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சித்தி என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம் பிரிஹிரா வேலையை விட்டாள். கடைசி வாரத்தில் ஒரு நாள், அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. நான் அவளுடைய சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வடக்கே ஓர் ஊரிலிருந்து எரூயெரா என்று ஒருவன். பட்டியலில் நான்காவது குடும்பம். அவன் குரல் வெளியே கேட்டது.

"எங்கப்பா விடியக்கால போயிட்டாரு. அவரு தாத்தாவோட திமிங்கில எலும்புல செஞ்ச கதாயுதம் ஒங்ககிட்ட இருக்கு. எடுத்துட்டுப் போகலாம்னு கையெழுத்து வாங்கினீங்க. நான் வேன் எடுத்துட்டு வரவா?"

"கடிதம் வந்திருக்குமே தம்பி."

"வந்துச்சு. அப்பா உசிரோட இருந்தாரு, அதனால படிச்சிட்டு மடிச்சு வெச்சிட்டேன். இப்போ அவரு கூடத்துல கெடக்காரு. ஏதாவது பண்ணுங்க."

"என்னால முடியாதுப்பா. இப்போ எதுவும் வெளிய போறதில்ல."

பிறகு அவன் கேட்டான்: "ஒங்க அக்காவுக்கு மட்டும் போச்சு, இல்ல?"

அவள் சொல்லியிருக்கலாம். உன் அப்பாவுக்காகத்தானடா என் அக்காவை மூடாமல் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். ரிசீவரைப் பிடுங்கி நானே சொல்லிவிடக் கை நீட்டினேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"ஆமா" என்றாள். "எங்க அக்காவுக்கு மட்டும்தான் போச்சு."

அவன் வைத்துவிட்டான். அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் போய் வாங்கி வைத்தேன்.

"மாத்தியு" என்றாள், "அவங்கப்பாவ எந்த மராய்ல வெச்சிருக்காங்கன்னு கேக்காம விட்டுட்டேனே. போயி அழுதுட்டாவது வந்திருப்பேன்."